வேலை கிடைத்த பிறகும் ஆடியவர்

ஒரு வீட்டில் எட்டுப் பையன்கள். கோர்ட்டில் இறங்க ஆறு பேர், வெளியே உட்கார இரண்டு பேர். கண்ணூர் மாவட்டம் பேராவூரில் ஜார்ஜ் ஜோசப் வீட்டுக் கணக்கு இது. அப்பாவும் வாலிபால் ஆடியவர். பிள்ளைகளுக்குப் பந்து பழக்கிவிட்டது அவர்தான். எட்டுப் பேரும் ஒரே அணியாக இறங்கி ஆடியதும் உண்டு. அதில் இரண்டாவது பிள்ளை ஜிம்மி. 1955 மார்ச் 8-ல் பிறந்தவர், பதினாறு வயதில் கேரள அணிக்குள் நுழைந்துவிட்டார்.

பேராவூர் மலையோரக் குடியேற்ற ஊர். கோட்டயம், பாலா பக்கத்திலிருந்து மலபாருக்கு நிலம் தேடிப் போன கிறிஸ்தவக் குடும்பங்கள் காட்டைத் திருத்தி ரப்பரும் மிளகும் வைத்த பகுதி. சர்ச், பக்கத்தில் பள்ளிக்கூடம், அதை ஒட்டி ஒரு சின்ன மைதானம். மலைச்சரிவில் ஃபுட்பாலுக்குச் சமதளம் தேடுவது கஷ்டம். வாலிபாலுக்கு 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் போதும். பரப்பளவுக் கணக்கில் ஒரு ஃபுட்பால் கிரவுண்டு நாற்பது கோர்ட்டுக்குச் சமம். இந்த ஆட்டம் ஏழை ஊர்களிலும் இண்டு இடுக்குகளிலும் வேர்பிடித்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

*

திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு கண்ணூர்க்காரரைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்டக்காரர்கள் வாயில் இன்னும் அந்தப் பேர் இருக்கிறது, அதுதான் காரணம். தூக்கிக் கொடுத்த பந்தை நெட்டிலேயே குத்துகிற பையனைப் பார்த்து, “பெரிய ஜிம்மி ஜார்ஜுன்னு நெனப்பு” என்பார்கள். பையனுக்கு அது யாரென்று தெரியாது. திட்டு என்பது மட்டும் புரியும்.

“யாருண்ணே அது?”

“இத்தாலிக்காரன் காசு குடுத்துக் கூட்டிட்டுப் போன ஆளுடா.”

இவ்வளவுதான் விளக்கம். ஆனால் அந்த ஒரு வரியில் விஷயம் முழுக்க இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

*

வேடசந்தூர், ரெட்டியார்சத்திரம், நத்தம் பக்கமெல்லாம் பொங்கலை ஒட்டியும் கோயில் திருவிழாவை ஒட்டியும் நோட்டீஸ் வரும்: ‘மாபெரும் மின்னொளி கைப்பந்துப் போட்டி’. முதல் பரிசு இன்னார், இரண்டாம் பரிசு இன்னார், சுழற்கோப்பை காலஞ்சென்ற இன்னார் நினைவாக. கீழே பொடி எழுத்தில், நடுவரின் தீர்ப்பே இறுதியானது. பரிசு கொடுப்பவர்கள் படம் பெரிதாக இருக்கும். ஆடுகிறவன் படம் ஒரு நோட்டீஸிலும் கிடையாது.

சாயங்காலம் தண்ணீர் டேங்கரை விட்டு செம்மண்ணை நனைப்பார்கள். புழுதி அடங்க வேண்டும், சேறாகவும் கூடாது. அந்தப் பதம் தெரிந்த ஆள் ஊருக்கு ஒருவர் இருப்பார். சுண்ணாம்புத்தூளில் கோடு. நெட்டின் உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு வைத்திருப்பார்கள், 2.43 மீட்டரில் அரிவாளால் ஒரு வெட்டு. கம்பை நடு நெட்டுக்கு நேராக நிறுத்தி, கயிற்றை இழுத்து, “இன்னும் ரெண்டு விரக்கடை ஏத்து” என்பார் ரெஃப்ரி. அவர் ஏறி நிற்பதற்குப் பள்ளிக்கூடத்து பெஞ்சு மேல் இன்னொரு பெஞ்சு. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஆட்டம் சூடு பிடிக்கும். விளக்கைச் சுற்றி ஈசல். பந்து வெளியே போனால் சீமைக்கருவேல முள்ளில் மாட்டாமல் பிடிக்கவென்றே நாலு பொடியன்கள் நிற்பார்கள்.

பந்தை எடுப்பது ‘அண்டர்’. அடுத்தது ‘லிஃப்ட்’. அப்புறம் அடி. மூன்றே தொடல், அதற்குள் எதிர்ப்பக்கம் போயாக வேண்டும். கூட்டம் மூன்றாவது தொடலைத்தான் பார்க்கிறது.

*

இந்த ராத்திரிகளில் பெரிய அணிகளுக்கு ‘கெஸ்ட்’ ஆட வருகிறவர்கள் இருக்கிறார்கள். போலீஸில் இருப்பார்கள், ரயில்வேயில் இருப்பார்கள், பேங்கில் இருப்பார்கள். அவர்களைச் சுற்றி நின்று பையன்கள் கேட்கிற முதல் கேள்வி, “எப்படிண்ணே இவ்வளவு எம்புறீங்க?” இரண்டாவது கேள்வி, “எந்த சர்டிபிகேட்ல வேலை வாங்குனீங்க?” இரண்டாவதுதான் நிஜமான கேள்வி.

ஸ்போர்ட்ஸ் கோட்டா. தமிழ்நாட்டு வாலிபாலின் உயிர்நாடி அங்கேதான் ஓடுகிறது. மானாவாரிக் காட்டில் சோளம் போடுகிற வீட்டுப் பையன், ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்க்கிற அம்மாவின் பையன், காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஓடுகிறான் என்றால் அவன் கண் முன்னால் ஒலிம்பிக் இல்லை. ஒரு அரசாங்கச் சம்பளச் சீட்டு இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வேலை என்ற ஒன்று அந்தப் பக்கம் இல்லாவிட்டால் பாதிக் கோர்ட்டில் இன்று எருமை கட்டியிருப்பார்கள்.

ஆனால் வேலை கிடைத்த அன்றைக்கே பல பேருக்கு ஆட்டம் முடிந்துவிடுகிறது. டிபார்ட்மென்ட் போட்டி, வருஷத்துக்கு ஒருமுறை கேம்ப், அப்புறம் கல்யாணம், லோன், தொப்பை. இருபத்தெட்டு வயதில் “நாங்க ஆடுன காலத்துல” என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஜிம்மி ஜார்ஜ் 1976-ல் கேரள போலீஸில் சேர்ந்தார். அதே ஆண்டு அர்ஜுனா விருது. வயது 21. அதற்கு முன்பே 1973 முதல் 76 வரை காலிகட் பல்கலைக்கழக அணி, அகில இந்தியப் பல்கலைக்கழகப் பட்டங்கள், 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டு. நம் பையன்கள் பட்டியல் போட்டு ஆசைப்படுகிற அத்தனையும் 21 வயதில் கையில் இருந்தது. எங்கள் கணக்குப்படி அவர் ரிட்டயர் ஆகியிருக்க வேண்டும்.

*

அவர் 1979-ல் அபுதாபிக்குப் போனார். அபுதாபி ஸ்போர்ட்ஸ் கிளப்.

அது மலையாளிகள் சாரை சாரையாக வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கொத்தனார், எலக்ட்ரீஷியன், கணக்குப்பிள்ளை, நர்ஸ். அந்தக் கூட்டத்தில் ஒருவர் பந்தடிக்கவென்று போகிறார், அதற்குச் சம்பளமும் வாங்குகிறார். அந்த நாளில் இதை வீட்டில் எப்படிச் சொல்லிப் புரியவைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்ப்பேன். வாலிபாலைத் தொழிலாக ஆடிய முதல் இந்தியர் அவர்தான் என்பார்கள்.

1982-ல் அங்கிருந்து இத்தாலி. முதலில் ட்ரெவிஸோ. இத்தாலிய லீக் அப்போது எழுந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் பணம் கொடுத்து இறக்கினார்கள், ஊருக்கு ஊர் உள்ளரங்கம் இருந்தது, டிக்கெட் வாங்கிப் பார்க்க ஜனம் இருந்தது. அந்த லீக்கில் வளர்ந்த தலைமுறைதான் 1990, 1994, 1998 என்று அடுத்தடுத்து மூன்று உலகச் சாம்பியன்ஷிப்புகளை வென்றது. அது சாதாரணப் பள்ளிக்கூடம் அல்ல. அங்கே ஓர் இந்தியர் ஆடினார், முதல் ஆறில் இடம் பிடித்து ஆடினார்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. கடைசி வரை அவர் கேரள போலீஸ்காரர்தான். வேலையை உதறிவிட்டுப் போனார் என்று சினிமாக் கதை சொல்ல இடமில்லை. வேலை பத்திரமாக இருந்தது, அதனால் துணிந்து போக முடிந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன். நம் டிபார்ட்மென்ட்டுகள் இதைக் கவனிக்கலாம். பையனுக்கு வேலையும் கொடுத்து, வெளியே போய் ஆட விட்டும் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

*

அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள்: காற்றில் நிற்பார். பிளாக் போட எம்பியவர்கள் கீழே இறங்க ஆரம்பித்த பிறகும் இவர் மேலே இருப்பார், அப்புறம் அடிப்பார்.

யாரும் காற்றில் நிற்க முடியாது. ஆனால் அந்தத் தோற்றம் பொய்யும் அல்ல. ஒருவர் நேராக ஒரு மீட்டர் எம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறி இறங்க மொத்தம் சுமார் 0.9 விநாடி. அதில் சரிபாதி நேரம், சுமார் 0.45 விநாடி, உச்சியிலுள்ள கடைசி 25 சென்டிமீட்டருக்குள்ளேயே கழிகிறது. மேலே போகப் போக வேகம் குறைவதால் வருகிற கணக்கு. உயரம் கூடினால் காற்றில் இருக்கும் நேரமும் கூடும். முழங்கையை மடக்கி வைத்துக் கடைசி நொடிவரை காத்திருக்கப் பழகியவருக்கு அந்த அரை விநாடி போதும். எதிரே எத்தனை கைகள், எந்தப் பக்கம் இடைவெளி, பின்னால் யார் நகர்ந்தான் என்று பார்த்துவிடலாம். எம்புவதைப் பையன்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். காத்திருப்பதுதான் வருவதில்லை. எம்பியவுடன் அடித்துவிட வேண்டும் என்ற பதற்றம், சாமி வந்தவர் வேப்பிலையை வீசுகிற மாதிரி கை தானாகப் போய்விடுகிறது.

இன்னொன்று. அவர் காலத்தில் லிபெரோ கிடையாது. பந்து எடுக்கவென்றே வேறு நிற ஜெர்ஸியில் குட்டையான ஒருவர் வருகிற ஏற்பாடு 1998-ல்தான் வந்தது. அதற்கு முன் அடிக்கிறவரும் சுற்றி வரும்போது பின்வரிசையில் நின்று அண்டர் எடுத்தாக வேண்டும். ஸ்கோரும் இப்போதுபோல இல்லை. சர்வீஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டும்தான் பாயின்ட். எதிராளி சர்வீஸில் நீங்கள் ஜெயித்தால் சர்வீஸ்தான் கிடைக்கும். செட் 15 பாயின்ட். ஒரே ஸ்கோரில் சர்வீஸ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும், போர்டு நகராது. எங்கள் ஊர்களில் விடியற்காலை வரை ஃபைனல் நடந்த கதைகள் அந்தக் கணக்கு முறையால் வந்தவை. இன்றைக்கு அடித்தால் பாயின்ட், விட்டாலும் எதிராளிக்குப் பாயின்ட், 25-ல் செட் முடிந்துவிடும். டிவிக்கு வசதி. ஜிம்மி ஆடியது அந்தப் பழைய, மூச்சு வாங்குகிற ஆட்டம்.

*

1986, சியோல் ஆசிய விளையாட்டு. இந்திய அணிக்கு சிரில் வல்லூர் கேப்டன். ஜிம்மி, உதயகுமார், அப்துல் பாசித், பி.வி. ரமணா, தலேல் சிங். ஜப்பானைத் தோற்கடித்து வெண்கலம். சீனாவும் கொரியாவும் மட்டுமே முன்னால்.

அதற்கு முந்தைய பதக்கங்கள் 1958 டோக்கியோவில் வெண்கலமும் 1962 ஜகார்த்தாவில் வெள்ளியும். நடுவில் 24 ஆண்டு வறட்சி. சியோலுக்குப் பிறகு இன்றுவரை ஆண்கள் அணிக்கு ஆசிய விளையாட்டுப் பதக்கம் கிடையாது. ஒலிம்பிக்குக்கு இந்திய அணி தகுதி பெற்றதே இல்லை. ஆகவே ஜிம்மியும் ஒலிம்பிக் ஆடவில்லை. இவ்வளவு பெரிய ஆட்டக்காரரின் பெயர் கேரளத்துக்கு வெளியே மங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரமணாவைத் தெரியாது என்பவர்களுக்கு: பி.வி. சிந்துவின் அப்பா. அம்மாவும் வாலிபால் ஆடியவர்தான். இருவரும் ரயில்வே. மகள் வாலிபால் பக்கம் வராமல் பேட்மின்டன் பக்கம் போய் இரண்டு ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தாள். ஜிம்மியின் தம்பி ராபர்ட் பாபி ஜார்ஜ், மனைவி அஞ்சுவுக்குப் பயிற்சியாளராக நின்று 2003 பாரிஸ் உலகத் தடகளத்தில் நீளம் தாண்டுதலுக்கு வெண்கலம் வாங்க வைத்தார். வாலிபால் வீடுகளில் வளர்ந்த உடம்பும் ஒழுங்கும் வேறு ஆட்டங்களுக்குப் பதக்கமாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. வாலிபாலுக்கு மிஞ்சியது பென்ஷன்.

*

அர்ஜுனா விருது தொடங்கிய 1961-லேயே வாலிபாலுக்காக அதை வாங்கியவர் ஏ. பழனிசாமி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்று “பழனிசாமி” என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தப் பழனிசாமியைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்துக் கோப்பைகளில் ஒன்றுக்காவது அவர் பேரை வைத்திருக்கலாம்.

தமிழ்நாட்டின் ஜி.இ. ஸ்ரீதரனுக்கு 1982-ல் அர்ஜுனா, பிறகு பயிற்சியாளராக 2007-ல் துரோணாச்சாரியா. இரண்டையும் வாங்கியவர்கள் சொற்பம்.

பெண்கள் பக்கம் கேட்டால், கே.சி. ஏலம்மா 1975-ல், ஜிம்மிக்கு ஒரு வருஷம் முன்னாலேயே, அர்ஜுனா வாங்கிவிட்டார். கேரளத்தில் பெண்கள் ஆட்டத்துக்கும் கூட்டம் வரும். எங்கள் கிராமங்களில் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுக்குள் பிரமாதமாக ஆடுகிற பிள்ளைகள் மின்னொளிப் போட்டி நோட்டீஸில் வருவதே இல்லை. ராத்திரி ஆட்டம் என்பது சாக்கு. பகலில் வைத்தால் ஆயிற்று.

இந்த ஆட்டத்தை நம் பள்ளிகளுக்குக் கொண்டு வந்து சேர்த்தது பி.டி. வாத்தியார்கள். 1895-ல் அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ.காரரான வில்லியம் மார்கன், நடுவயதுக்காரர்கள் மூச்சிரைக்காமல் ஆட ஏதாவது வேண்டுமென்று கண்டுபிடித்தது. 1920-ல் ஹாரி பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்தவர்கள் விசிலும் கையுமாக ஜில்லா ஜில்லாவாகப் போனார்கள்.

*

1987 நவம்பர் 30. இத்தாலியில் கார் விபத்து. ஜிம்மிக்கு 32 வயது. அப்போது ஆடிக்கொண்டிருந்தது மொன்டிகியாரி என்ற சின்ன ஊரின் அணிக்கு, பிரெஷ்யா மாவட்டம். அவர் மகன் பிறந்தது அதற்குப் பிறகு.

திருவனந்தபுரத்தில் ஜிம்மி ஜார்ஜ் உள்விளையாட்டரங்கம் இருக்கிறது. அது எதிர்பார்க்கக்கூடியது. மொன்டிகியாரியிலும் ஓர் அரங்கம் இருக்கிறது, பேர் ‘பாலாஜார்ஜ்’. ‘பாலா’ என்றால் அரங்கம், ‘ஜார்ஜ்’ இவர்தான். சில ஆண்டுகளே ஆடிப்போன ஒரு வெளிநாட்டுக்காரர் பேரை ஓர் இத்தாலிய ஊர் தன் பெரிய கட்டடத்துக்கு வைத்திருக்கிறது. அங்கே கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது பேராவூர்ப் பையன் என்று தெரியுமோ.

*

இப்போதைய நிலவரம்: 2019-ல் புரோ வாலிபால் லீக் வந்தது. கேரளத்து அணிகள் இரண்டு, கோழிக்கோடும் கொச்சியும். கோழிக்கோட்டுக்குக் கேப்டன் ஜெரோம் வினித், கொச்சிக்கு உக்கிரபாண்டியன். இரண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அதுவரை தோற்காத கோழிக்கோட்டை ஃபைனலில் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் 3-0 என்று முடித்தது. பிறகு அதன் இடத்தில் பிரைம் வாலிபால் லீக் வந்தது. 2023-ல் அகமதாபாத் ஜெயித்தபோது கேப்டன் நம் செட்டர் முத்துசாமி அப்பாவு. 2024-ல் கோழிக்கோடு ஜெயித்தபோது மறுபடியும் ஜெரோம்.

ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில், 2023 செப்டம்பரில், இந்தியா கொரியாவை 3-2 என்று சாய்த்தது. கடைசி செட் 17-15. அன்றைக்கு எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் தூங்கியவர் யாருமில்லை. முடிவில் ஆறாவது இடம். இடையில் கூட்டமைப்புச் சண்டையில் உலக அமைப்பே இந்தியாவுக்குத் தடை போட்டிருந்த காலமும் உண்டு. அந்தக் குழப்பத்தைத் தாண்டி வந்த ஆறாவது இடத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் லீக் என்பது வருஷத்தில் சில வாரம். மீதி மாதங்கள்? இத்தாலியில் சீசன் இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தம் வரை ஓடும். வாரா வாரம் ஆட்டம். ஜிம்மியைத் தீட்டியது அந்த வாரா வாரம்தான். நம் ஆட்களுக்கு லீக் முடிந்தால் மறுநாள் டூட்டி.

போன தடவை எங்கள் போட்டிக்கு ஒரு நல்ல அட்டாக்கரைக் கெஸ்ட்டாகக் கூப்பிடலாம் என்று கமிட்டியில் போன் போட்டார்கள், ஸ்பீக்கரில். அந்தப் பக்கம் ஒயர்லெஸ் இரைச்சல். “அண்ணே, பந்தோபஸ்துல நிக்கிறேன். சனிக்கிழமை நைட் ஆஃப் கிடைச்சா வர்றேன். லீக் ஆட்டத்துக்கெல்லாம் வேணாம்ணே, செமி ஃபைனல் வந்தாச் சொல்லுங்க. நீ-கேப் மட்டும் ஒண்ணு வாங்கி வச்சிருங்க, என்னது கிழிஞ்சிருச்சு.”